தூக்காத கை

என் இடது காது ஒரு திங்கட்கிழமை காலையில் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை நிறுத்திவிட்டது. முந்தின நாள் ஞாயிறு பூசையில் பாட்டெல்லாம் இரண்டு காதாலும் கேட்டவள்தான் நான். காலையில் பாயில் எழுந்து உட்கார்ந்தால், தலையின் இடது பாதியில் யாரோ பஞ்சை அடைத்து, அதற்குள் ஒரு மிக்சியை ஓடவிட்ட மாதிரி இருந்தது.

உங்களுக்கு இப்படி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கே காது டாக்டரிடம் போங்கள். நான் போகவில்லை. பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை ஊற்றிக்கொண்டு, குளிக்கும்போது தண்ணீர் போயிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடைசிவரை படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் இந்த இடத்தோடு எழுந்து போகலாம். மற்றவர்களுக்கு நான் பண்ணின திருட்டுத்தனத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் படித்தது நாலாம் வகுப்பு, அதுவும் பாதி. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் என் மருமகள் செல்வி. அவளைப் பற்றி நல்லதாக ஏதாவது வந்தால் அது அவளாகச் சேர்த்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு கடலூர் முதுநகரில். துறைமுகத்து ஏலத்தில் மீன் எடுத்து, மார்க்கெட்டில் உட்கார்ந்து விற்றுத்தான் முப்பது வருஷத்துக்கு மேல் சாப்பிட்டேன். மகன் அந்தோணி லாரி ஓட்டுகிறான். மாதத்தில் இருபது நாள் ரோட்டில் இருப்பான். செல்வி மஞ்சக்குப்பத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். அவர்களுக்கு ஒன்பது மாதக் குழந்தை, ஜெனி. செல்வி மறுபடியும் வேலைக்குப் போக ஆரம்பித்தபோது நான் மீன் கூடையை இறக்கிவைத்தேன். காலை ஒன்பதிலிருந்து செல்வி வீடு திரும்பும்வரை ஜெனி என் கையில்.

இந்த ஏற்பாடு பிடிக்காத ஆள் ஒருத்தி உண்டு. செல்வியின் அம்மா. ஸ்ரீமுஷ்ணத்தில் நிலம், மாடு, தென்னை என்று வசதியாக இருக்கிற சம்பந்தியம்மா. "கொழந்தைய இங்க அனுப்பிடுங்களேன், பால் இருக்கு, காத்து இருக்கு" என்று குழந்தை பிறந்த நாளிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தார்கள். "எங்க ஊர்லயும் காத்து இருக்கு, மீன் வாசனையோட இருக்கு" என்று நானும் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

காது நின்ற நாலாம் நாள், வியாழக்கிழமை மத்தியானம். புடவையில் தூளி கட்டி ஜெனியைத் தூங்கவைத்துவிட்டு, பக்கத்திலேயே வலது பக்கமாகத் திரும்பிப் படுத்தேன். கேட்கிற காது தலையணைக்குள் போய்விட்டது. கேட்காத காது வீட்டுக்குக் காவல் இருந்தது. எதிர்வீட்டு ரீட்டா வந்து என் தோளைப் பிடித்து உலுக்கினபோதுதான் கண்ணைத் திறந்தேன். அவள் இடுப்பில் ஜெனி. அழுது அழுது குழந்தையின் முகம் வீங்கியிருந்தது. குரல் கட்டிப்போய் வெறும் காற்றுதான் வந்துகொண்டிருந்தது.

"அக்கா, தெருமுனை வரைக்கும் கேக்குது. ஒனக்குக் கேக்கலையா?"

"பிரஷர் மாத்திரை போட்டேன்டி. அசத்திடிச்சி."

ரீட்டா என்னைப் பார்த்த பார்வையில் நம்பிக்கை ஜாஸ்தி இல்லை. சாயங்காலம் செல்வியிடம் சொல்லிவிட்டாள். செல்வி குழந்தைக்குப் பால் கொடுத்து முடித்த பிறகு, சுவரைப் பார்த்தபடி சொன்னாள்.

"நாளைக்கு லீவு சொல்லிட்டேன் அத்தே. காது டாக்டர்கிட்ட போவலாம்."

"எதுக்கு?"

"செக் பண்ணிட்டா நிம்மதி. கேக்கலைன்னு சொல்லிட்டாங்கன்னா, பாப்பாவ எங்கம்மாகிட்ட விடறதத் தவிர வேற வழி இல்ல."

அவள் அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். அழுகிற குரலில் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை கடலூரிலேயே ஒரு கிளினிக். டாக்டர் விளக்கைப் பிடித்துக் காதுக்குள் பார்த்தார், எண்ணெயைத் துடைத்தார், டெஸ்ட் எழுதிக் கொடுத்தார். அங்கே வழக்கமாக டெஸ்ட் எடுக்கிறவர் அன்றைக்கு லீவு. மாற்றாள் ஒரு சின்னப் பெண். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான், நேருக்கு நேராக. காதில் பெரிய ஹெட்போன் ஒன்றை மாட்டிவிட்டு, "பீப்புனு சத்தம் கேட்டா கையத் தூக்குங்க பாட்டி" என்றாள்.

இந்த இடத்தில் என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மீன் ஏலத்தில் எவனும் தன் மனதில் இருக்கிற விலையை வாயால் சொல்லமாட்டான். ஒருத்தன் காதுமடலைத் தொடுவான், ஒருத்தன் வேறெங்கோ பார்த்தபடி கண்ணைச் சிமிட்டுவான். இன்னும் ஏறுவானா, விட்டுவிடுவானா என்று அவன் தாடையைப் பார்த்தே கண்டுபிடிக்க வேண்டும். அதில் தப்பு செய்தால் அன்றைக்கு வீட்டில் கஞ்சிதான். நான் தப்பு செய்ததில்லை.

அந்தச் சின்னப் பெண் பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் கீழுதட்டைக் கடித்தாள். அழுத்திவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். வலது காதுக்கு எனக்கு அவள் உதவி தேவைப்படவில்லை. இடது காதுக்கு வந்தபோது ஒரு பீப்பும் கேட்கவில்லை. உதட்டைக் கடித்தாள், கையைத் தூக்கினேன். கடித்தாள், தூக்கினேன். முழுக்கவும் சரியாக இருந்தால் சந்தேகம் வரும் என்று நடுவில் மூன்று நாலு தடவை தூக்காமலும் விட்டேன். ஏலத்தில் கற்ற பாடம் அது.

பேப்பர் வந்தது. வயதுக்கு ஏற்ற மாதிரி கொஞ்சம் குறைவு, மற்றபடி நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். செல்வியின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். பஸ் ஸ்டாண்டு வாசலில் எனக்கு ஒரு இளநீர் வாங்கிக் கொடுத்தாள். "சந்தேகப்பட்டத மனசுல வெச்சுக்காதீங்க அத்தே" என்றாள். அந்த இளநீர் உள்ளே இறங்க ரொம்ப நேரம் ஆனது.

செவ்வாய்க்கிழமை காலை ஜெனியைத் தூக்கிக்கொண்டு எழுந்தபோது வீடு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. குழந்தையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. தலைசுற்றலை மறைக்கிற வித்தை எனக்குத் தெரியாது, வாந்தி வந்து காட்டிக்கொடுத்துவிட்டது. செல்வி ஜெனியை ரீட்டாவிடம் கொடுத்துவிட்டு என்னைச் சிதம்பரம் பஸ்ஸில் ஏற்றினாள். பெரிய ஆஸ்பத்திரியிலேயே பார்த்துவிடலாம் என்று.

சிதம்பரத்தில் சீட்டு வாங்க ஒரு வரிசை, சீட்டைக் காட்ட ஒரு வரிசை, காட்டின சீட்டில் முத்திரை வாங்க ஒரு வரிசை. பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர்களெல்லாம் காதுக்கு வந்தவர்கள். அதனால் அந்த இடத்தில் ரகசியம் என்று எதுவும் கிடையாது. ஒருவர் தன் மச்சானோடு இருக்கிற பாகப்பிரிவினைச் சண்டையை மனைவியிடம் மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு வராண்டா முழுவதற்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

டாக்டர் ஒரு இரும்புக் கவையைத் தட்டி, அதிர்கிற அதன் காம்பை என் நெற்றி நடுவில் வைத்தார். "எந்தப் பக்கம் கேக்குது?" நடு நெற்றியில் வைத்ததை எந்தப் பக்கம் என்று கேட்டால் பொய் சொல்லக்கூடத் தெரியவில்லை. "வலது பக்கம்" என்றேன். நரம்பில் கோளாறு இருந்தால் நல்ல காதுப் பக்கமே சத்தம் போகுமாம். அவர் என்னை டெஸ்ட் அறைக்கு அனுப்பினார்.

அங்கே இருந்தவர் கலா மேடம். ஐம்பது வயதிருக்கும், மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறவர். அறைக்குள் ஒரு அறை. அதன் கதவு ஐஸ் கம்பெனிக் கதவு மாதிரி அத்தனை கனம். உள்ளே நாற்காலியைக் கண்ணாடிக்குப் பக்கவாட்டில் போட்டிருந்தார்கள். உட்கார்ந்தால் எதிரில் சுவர்.

"மேடம், நான் ஒங்க பக்கம் திரும்பி ஒக்காந்துக்கட்டுமா? மூஞ்சி பாக்காம எனக்குப் பேச வராது."

"பேச வேணாம்மா. கேட்டா கையத் தூக்குங்க, போதும்."

"நீங்க என்னைப் பாப்பீங்களா?"

"நான் பாப்பேன். நீங்கதான் என் கையையும் மூஞ்சியையும் பாக்கக்கூடாது. அது ரூல்."

"யாரு போட்ட ரூலு? இந்த ஆஸ்பத்திரியா?"

"ஒலகம் முழுக்க ஒரே ரூல்தான். எந்த நாட்டுல எடுத்தாலும் இப்படித்தான் ஒக்கார வெக்கணும், இப்படித்தான் சத்தம் குடுக்கணும், ரூம் இவ்ளோ அமைதியாத்தான் இருக்கணும்னு எழுதி வெச்சிருக்காங்க. மெஷின வருஷா வருஷம் சரிபாத்து ஸ்டிக்கர் ஒட்டணும். நானே தெனம் காலைல மாட்டிக்கிட்டு கேட்டுப் பாத்துட்டுத்தான் அடுத்தவங்களுக்கு மாட்டுவேன்."

எடைக்கல்லுக்கு முத்திரை குத்துகிற மாதிரி என்று புரிந்துகொண்டேன். கதவு மூடியது. அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதே இல்லை. என் நெஞ்சு அடித்துக்கொள்வது எனக்கே கேட்டது.

நல்ல காதில் ஆரம்பித்தார்கள். சத்தம் கேட்டு நான் கையைத் தூக்கினால் பத்துப் படி குறைப்பார்கள். கேட்காமல் போனால் ஐந்து படி ஏற்றுவார்கள். இறங்கி ஏறி, இறங்கி ஏறி, எந்தப் படியில் பாதித் தடவைக்கு மேல் கேட்கிறதோ அதுதான் அந்தச் சத்தத்துக்கு என் எல்லை. விசில் மாதிரி மெல்லிய சத்தம், மத்தளம் மாதிரி தடித்த சத்தம் என்று ஒவ்வொன்றுக்கும் இதே வேலை.

இடது காது வந்தது. சுவரைத் தவிர பார்க்க ஒன்றுமில்லை. ஆனால் நானா விடுவேன். கடலூர்ப் பெண் ஒரு தாளத்தில் அழுத்தினாளே என்று மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக் கையைத் தூக்கினேன். மறுபடி எண்ணித் தூக்கினேன். ஐஸ் கம்பெனிக் கதவு திறந்தது.

"இப்ப கையத் தூக்கினீங்களேம்மா, நான் ஒண்ணுமே அனுப்பலையே."

"எதோ கேட்ட மாதிரி இருந்துது மேடம்."

"வேணும்னுதான் நடுவுல சும்மா விடுவேன். ஒரே இடைவெளியில குடுக்கக்கூடாதுன்னும் ரூல் இருக்கு. கேக்கலைன்னா கை கீழயே இருக்கட்டும். சும்மா இருக்கறதும் டெஸ்ட்டுதான்."

பிறகு வலது காதில் மழை கொட்டுகிற மாதிரி ஒரு இரைச்சலை ஓடவிட்டார். இடது காதுக்குக் கொடுக்கிற சத்தத்தை வலது காது மண்டையோட்டு வழியாகத் திருடிக் கேட்டுவிடுமாம், அதற்கு அந்த மழை. என் காதே என்னை மாதிரிதான் என்று தெரிந்துகொண்டேன். அதற்குமேல் எனக்கு வழி இல்லை. கை கீழேயே இருந்தது. ரொம்ப நேரம் கீழேயே இருந்தது.

வெளியே வந்ததும் பேப்பரைக் காட்டிச் சொன்னார். சிவப்பு வட்டம் வலது காது, நீலப் பெருக்கல் குறி இடது காது. எந்த நாட்டிலும் இதே குறிதான். மேலே சைபர். நான் ஸ்கூலில் சைபர் என்றால் ஒன்றுமில்லை என்று படித்தவள், அதுவும் என் நோட்டிலேயே நிறையப் பார்த்தவள். இங்கே சைபர் என்றால் சத்தமே இல்லை என்று அர்த்தமில்லையாம். நல்ல காதுள்ள இளவட்டங்களுக்குக் கேட்கிற ஆகச் சின்ன சத்தம் அது. என் சிவப்பு வட்டங்கள் அதற்குக் கொஞ்சம் கீழே வரிசையாக இருந்தன. நீலக் குறிகள் பேப்பரின் அடியில் கிடந்தன, வலையில் கீழே தங்கின பொடிமீன் மாதிரி.

கலா மேடம் செல்வியிடமிருந்து கடலூர் பேப்பரை வாங்கி இதன் பக்கத்தில் வைத்தார். அவர் முகத்தை அப்போதுதான் முழுசாகப் பார்த்தேன். எந்த ஏலத்திலும் இப்படிப் படிக்க முடியாத ஒரு முகத்தைப் பார்த்ததில்லை.

இரண்டு பேப்பரையும் டாக்டர் பார்த்தார். செல்வியிடம்தான் பேசினார், என்னிடம் இல்லை.

"ரெண்டும் ஒரே அளவுகோல்ல எடுத்தது. அதனால பக்கத்துல வெச்சுப் பாக்கலாம். வெள்ளிக்கிழமை இடது காது நல்லா இருந்திருக்கு. நாலு நாள்ல இவ்ளோ எறங்கியிருக்கு, கூடவே தலைசுத்தல் வேற. இவ்ளோ வேகமா எறங்குதுன்னா உள்ள ஏதாவது இருக்கான்னு உடனே பாக்கணும். சென்னைக்கு அனுப்பிடறது நல்லதுன்னு நெனைக்கிறேன். கொஞ்சம் வெளிய இருங்க, பேசிட்டுச் சொல்றேன்."

வராண்டா பெஞ்சில் உட்கார்ந்தோம். உள்ளே ஏதாவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். செல்வி போனை எடுத்தாள், அந்தோணி நம்பரைப் பார்த்தாள், மறுபடியும் பைக்குள் வைத்தாள். பிறகு என் வலது பக்கம் மாறி வந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பயப்படாதீங்க அத்தே. நான் வேலைய விட்டுட்டு மெட்ராஸுக்குக் கூட வரேன். எல்லாம் என் தப்புதான். வெள்ளிக்கிழமையே இங்க கூட்டியாந்திருக்கணும். ஒங்களுக்கு ஒடம்பு முடியலன்னு கூடத் தெரியாம, பாப்பாவ எங்கம்மாகிட்ட விடுவேன்னு மெரட்டிட்டேன்."

முப்பது வருஷம் மார்க்கெட்டில் பொய் சொல்லியிருக்கிறேன். நேற்றுப் பிடித்த மீனை இன்றைக்குப் பிடித்தது என்று சொல்லியிருக்கிறேன். அதெல்லாம் வாங்குகிறவளுக்கும் தெரிந்த பொய். இது அப்படி இல்லை.

"அந்தப் பேப்பரு பொய்யி" என்றேன்.

"எது?"

"கடலூர் பேப்பரு. அது என் காத வெச்சு எடுத்தது இல்ல. அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாத்துத்தான் கையத் தூக்கினேன். முந்தின திங்கக்கெழமையே காது போயிடிச்சி. வியாழக்கெழமை ஜெனி கத்தினது எனக்குக் கேக்கல. மாத்திரையும் போடல, ஒண்ணும் போடல."

செல்வி என் கையை விடவில்லை. ஆனால் பிடி தளர்ந்தது. எழுந்து டாக்டர் அறைக்குள் போனாள். கதவுக்கு வெளியே எனக்கு எந்தக் காதாலும் ஒன்றும் கேட்கவில்லை.

டாக்டர் என்னைக் கூப்பிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். பேனாவை எடுத்துக்கொண்டு, "எந்தத் திங்கக்கிழமை, சரியாச் சொல்லுங்க" என்று மட்டும் கேட்டார். எண்ணிப் பார்த்தார். ஒன்பது நாள்.

அவர் சொன்னது இது. திடீரென்று காது நரம்பு செத்துப்போகிற மாதிரி ஆகிவிடும். ஏன் என்று பல பேருக்குக் கடைசிவரை தெரிவதில்லை. ஸ்டீராய்டு மருந்தைச் சீக்கிரம் கொடுத்தால் கொஞ்சமாவது திரும்பி வர வாய்ப்பு உண்டு. முதல் இரண்டு வாரத்துக்குள் கொடுத்தால்தான் நல்லது, அதிலும் ஒவ்வொரு நாளும் கணக்கு. சென்னை வேண்டாம், இன்றைக்கே இங்கே சேர்ந்துவிடுங்கள், ஸ்கேன் இங்கிருந்தபடியே எடுக்கலாம் என்றார். வெள்ளிக்கிழமை உண்மையைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே மருந்து ஆரம்பித்திருக்கும். அந்த நாலு நாளைத் தின்றது வேறு யாரும் இல்லை, நான்தான்.

கலா மேடம் வாசலில் நின்றிருந்தார். "இத்தன வருஷத்துல கேக்கலைன்னு பொய் சொல்ற ஆளுங்கள நெறைய பாத்துட்டேன். நஷ்ட ஈடுக்காக வருவாங்க. கேக்குதுன்னு பொய் சொன்ன ஆளு ரொம்பக் கொறைவு" என்றார்.

ஆறு நாள் வார்டு. எனக்குச் சர்க்கரை இருப்பதால் ஸ்டீராய்டு கொடுத்தால் அது எகிறும் என்று விரலை விரலைக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் காதுக்குள் ஊசி. காது ஜவ்வை மரத்துப்போக வைத்து, அதன் வழியாக மயிரிழை மாதிரி ஊசியால் மருந்தை உள்ளே விடுவார்கள். அரை மணி நேரம் தலையைத் திருப்பிப் படுத்திருக்க வேண்டும். பேசக்கூடாது, எச்சில்கூட விழுங்கக்கூடாது. விழுங்கினால் மருந்து தொண்டைக்கு இறங்கிவிடும். வலி பொறுத்துக்கொள்ளலாம். பேசாமல் இருந்ததுதான் எனக்கு ஆபரேஷன்.

பக்கத்துக் கட்டிலில் பிச்சாவரத்துக்காரி ஒருத்தி. தொண்டையில் கட்டி எடுத்து, ஒரு வாரம் வாயைத் திறக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். பேசக்கூடாதவளும் பாதி கேட்காதவளும் நல்ல ஜோடி. அவள் புருவத்தைப் பார்த்தே நான் பேச்சை நடத்தினேன். டீ வந்துவிட்டது, நர்ஸ் கோபமாக இருக்கிறாள், உன் மருமகள் அழுதிருக்கிறாள், எல்லாவற்றையும் புருவத்தாலேயே சொன்னாள்.

அவள் கடைசியாகச் சொன்னது உண்மை. செல்வி எனக்கு எல்லாம் செய்தாள். கஞ்சி ஆற்றிக் கொடுத்தாள், தலை வாரிவிட்டாள், பாத்ரூமுக்குப் பிடித்துக் கூட்டிப்போனாள். ஆனால் பேச்சு குறைவு. ஜெனியை அவள் அம்மா வந்து ஸ்ரீமுஷ்ணத்துக்குக் கொண்டுபோயிருந்தார்கள். எதற்காகத் திருட்டுத்தனம் செய்தேனோ அது நடந்துவிட்டது. குழந்தைக்குப் பால் கொடுக்க வேண்டிய அம்மா என் கட்டிலுக்குக் கீழே பாயில் படுத்திருந்தாள்.

நாலாம் நாள் சம்பந்தியம்மா ஜெனியோடு வந்தார்கள். வார்டுக்குள் குழந்தையை விடமாட்டார்கள் என்பதால் செல்வி கீழே ஓடினாள். கொஞ்ச நேரத்தில் சம்பந்தியம்மா மட்டும் தூக்குப் பாத்திரத்தோடு மேலே வந்தார்கள். இடியாப்பம், சர்க்கரை இல்லாத தேங்காய்ப்பால். பிழிந்து, பஸ்ஸில் மடியில் வைத்து ஆறாமல் கொண்டுவந்திருந்தார்கள். திருவந்திபுரம் பெருமாள் கோயிலில் எனக்காக வேண்டிக்கொண்டார்களாம்.

"மொட்டை போடறேன்னு வேண்டிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"ஒங்களுக்குத்தான் போடறதா வேண்டியிருக்கேன்" என்றார்கள். பிச்சாவரத்துக்காரி சிரித்துத் தொண்டையைப் பிடித்துக்கொண்டாள்.

ஸ்கேன் வந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. எனக்குள் ஒன்றும் இல்லை என்பது எனக்கு எப்போதோ தெரியும் என்றேன். செல்வி ஆறு நாளில் முதல் தடவையாகச் சிரித்தாள், உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு அனுப்புகிற அன்றைக்குக் கலா மேடம் மறுபடியும் டெஸ்ட் எடுத்தார். போகும்போதே ஒரு வார்த்தை போட்டுப் பார்த்தேன்.

"மேடம், எனக்காகக் கொஞ்சம் சத்தத்த ஏத்தி வெச்சா பேப்பரு நல்லா வருமில்ல?"

"வரும். பேப்பருக்குக் காது கேக்கும். ஒங்களுக்குக் கேக்காது."

சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். எண்ணவில்லை. கேட்டபோது தூக்கினேன், கேட்காதபோது அந்தக் கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டேன். நீலக் குறிகள் அடியிலிருந்து பாதிவரை ஏறியிருந்தன. தடித்த சத்தங்கள் வந்துவிட்டன, மெல்லியவை வரவில்லை. மூன்று மாதம்வரை இன்னும் கொஞ்சம் ஏறலாம், ஏறாமலும் போகலாம் என்றார் டாக்டர். அந்தப் பேப்பரை இன்னும் வைத்திருக்கிறேன். எந்த ஊருக்குக் கொண்டுபோனாலும் அதே மாதிரிதான் படிப்பார்கள். நான் உண்மையாகச் சம்பாதித்த மார்க்.

நான் எழுந்து நடக்கிறவரை துணையாக இருக்கிறேன் என்று சம்பந்தியம்மா ஜெனியோடு கடலூருக்கே வந்து ஒரு வாரம் தங்கினார்கள். மீன் வாசனையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, மூக்கை மட்டும் முந்தானையால் துடைத்துக்கொண்டார்கள். அந்த ஒரு வாரம் முழுக்க யாரும் எடுக்காத ஒரு பேச்சு வீட்டுக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. திங்கட்கிழமை செல்வி வேலைக்குப் போயாக வேண்டும். சம்பந்தியம்மா ஊருக்குப் போயாக வேண்டும். ஜெனி யாரோடு?

திங்கட்கிழமை காலை. சம்பந்தியம்மாவின் பை கட்டி வாசலில் இருந்தது. அதன் பக்கத்தில் ஜெனியின் துணிப் பையும் இருந்தது. செல்வி வேலைக்குப் போகிற புடவையில் வந்தாள். கையில் ஜெனியின் கிலுகிலுப்பை.

"அத்தே, ஒக்காருங்க. அந்தப் பக்கம் திரும்பி."

எனக்குப் புரிந்தது. முதுகைக் காட்டி நாற்காலியில் உட்கார்ந்தேன். வலது காதை அவள் உள்ளங்கையால் பொத்தினாள். கலா மேடம் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார். எதிர்வீட்டில் குக்கர், தெருவில் ஐஸ் வண்டி. இந்த அறைக்கு எந்த நாட்டிலும் ஸ்டிக்கர் ஒட்டமாட்டார்கள்.

முதல் தடவை இடது காதில் எங்கோ மணல் சரிகிற மாதிரி இருந்தது. கையைத் தூக்கினேன். இறக்கினேன். இரண்டாவது தடவையும் மணல். தூக்கினேன்.

அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

அப்போதுதான் எதிரே பார்த்தேன். சம்பந்தியம்மா ஜெனியை இடுப்பில் வைத்துக்கொண்டு எனக்கு நேராக நின்றிருந்தார்கள். அவர்கள் கண் என் தோளுக்கு மேல் செல்வியின் கையைப் பார்த்தது, பிறகு என்னைப் பார்த்தது. என் ஆயுசில் அவ்வளவு தெளிவான முகத்தை எந்த ஏலத்திலும் பார்த்ததில்லை. அதோடு நிற்கவில்லை. யாருக்கும் தெரியாமல் தாடையை ஒரு விரல்கடை அசைத்தார்கள். தூக்குங்க, தூக்குங்க என்று. எந்தக் குழந்தையை ஒன்பது மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்களோ, அந்தக் குழந்தையை என்னிடம் விட்டுப்போவதற்காக அந்த மகராசி எனக்குத் திருட்டுத்தனம் சொல்லிக்கொடுத்தார்கள்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. கை மடியிலேயே இருந்தது. செல்வியின் உள்ளங்கை என் வலது காதை விட்டு விலகியது. குக்கர் சத்தம் பெரிசாக வந்தது. பிறகு என் கையின் மேல் ஏதோ கனமாக வந்து உட்கார்ந்தது. ஈரமாக வேறு இருந்தது. கண்ணைத் திறக்காமலே யார் என்று தெரிந்துவிட்டது.

"கடைசில ஆட்டுனியா இல்ல சும்மா விட்டியாடி?" என்று கேட்டேன்.

"ஆட்டுனேன் அத்தே. கைய எட்டத் தள்ளி வெச்சு, நல்லாவே ஆட்டுனேன்."

சொல்லிவிட்டு, வாசலில் இருந்த ஜெனியின் துணிப் பையை எடுத்துக்கொண்டுபோய் உள்ளே வைத்தாள். சம்பந்தியம்மா தன் பையை மட்டும் தூக்கிக்கொண்டு மூக்கைத் துடைத்தார்கள். அன்றைக்கு வீட்டில் மீன் வாங்கவே இல்லை.

இப்போது மத்தியானத்தில் நான் இடது பக்கமாகப் படுக்கிறேன். கிளம்புவதற்கு முன்னால் செல்வியே தூளியில் ஒரு கயிற்றைக் கட்டிவிட்டுப் போகிறாள், படுக்கும்போது அதன் நுனியை என் மணிக்கட்டில் சுற்றிக்கொள்கிறேன். ஜெனி காலை உதைத்தால் என் கை தானாகத் தூக்கிக்கொள்கிறது.